வடக்கே போன சின்னத் தாத்தா

நம் சங்க விழாக்களில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் ஒரு பேச்சு காதில் விழாமல் இருக்காது. "எங்க தாத்தா காலத்துல நூறு ஏக்கர் நஞ்சை" என்பார் ஒருவர். அடுத்தவர் வீட்டில் கோயில் தர்மகர்த்தா. மூன்றாமவர் வீட்டில் சுதந்திரப் போராட்டத் தியாகி. கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம் எழும். எல்லாருடைய தாத்தாவும் இத்தனை வசதியாக இருந்திருந்தால், நாமெல்லாம் எதற்காக ஒரு தகரப் பெட்டியோடு பம்பாய்க்கு ரயில் ஏறினோம்? நம் பரம்பரைகளில் ஒரு திருடன், ஒரு சூதாடி, போலீஸுக்குப் பயந்து ஓடிய ஒருவர்கூடக் கிடையாதா?

என் வீட்டில் ஒருவர் உண்டு.

சென்ற ஆண்டு என் பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். பெயர் சொல்லும் பொறுப்பு எனக்கு. என் தாத்தாவுக்கு ஒரு கட்டம் போட்டாள். "உங்க தாத்தாவுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா தாத்தா?" என்று கேட்டாள். "இல்லைம்மா" என்றேன். எழுபது வயதில் எட்டு வயதுக் குழந்தையிடம் பொய். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் சின்னத் தாத்தா சேலம் ஜில்லாவில் கள் இறக்கியவர். மரத்துக்கு வரி கட்டி, இறக்கிய கள்ளை ஏலம் எடுத்த கடைக்கு ஊற்றி, ஊரறியப் பிழைத்தவர். 1937-இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. செப்டம்பர் 30 வரை தொழிலாளி. மறுநாள் அதே மரத்தில் அதே பானையைக் கட்டினால் குற்றவாளி. சின்னத் தாத்தா மரத்தை விட்டு இறங்கினார், தொழிலை விடவில்லை. மலையடிவாரத்தில் வேலம்பட்டையும் வெல்லமும் ஊறல் போட்டுக் காய்ச்சினார். பிடிபட்டார். ஆறு மாதம் சிறை.

வீட்டில் யாரும் 'ஜெயில்' என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "வடக்கே வேலைக்குப் போயிருக்கார்" என்றார்கள். அதுவே எங்கள் வீட்டுச் சங்கேதச் சொல்லாகிவிட்டது. 1976-இல் எனக்குப் பம்பாயில் வேலை கிடைத்து, "வடக்கே போறேன்" என்று சொல்லிக்கொள்ளப் போனபோது, கிழவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது ஏன் என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை!

சட்டத்தை நான் குறை சொல்ல வரவில்லை. மதுவிலக்கு வந்த பிறகுதான் வாரக் கூலி வீடு வந்து சேர்ந்தது என்று என் அப்பாயியே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வருமானத்தை இழந்த அரசாங்கம் 1939-இல் விற்பனை வரியைக் கொண்டு வந்தது. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-இல் அது தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, பிறகு மறுபடியும் தளர்ந்தது. 2003 முதல் தமிழக அரசின் நிறுவனமே சில்லறைக் கடை நடத்தி மது விற்கிறது. சின்னத் தாத்தாவைச் சிறைக்கு அனுப்பிய தொழிலின் இன்னொரு கிளையில் இன்று அரசாங்கச் சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். காலம் செய்த கோலம் இது. ஆனாலும் நாம் வெட்கப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அவரைக் குற்றவாளி என்று எழுதியது யார், எப்போது, எதற்காக?

இதைவிடக் கொடுமையான உதாரணமும் உண்டு. வெள்ளையர்கள் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டு வந்தார்கள். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு தப்பும் செய்யாதவர்கள்கூடப் பிறந்த குலத்துக்காகக் கைரேகை பதிய வேண்டும் என்றார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்ற மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். 1952-இல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது. அந்தப் பழைய பதிவேட்டில் தன் கொள்ளுத் தாத்தாவின் ரேகையைக் காணும் பேரன் தலை குனிய வேண்டுமா? குனிய வேண்டியது பதிவேடு எழுதியவர்களின் தலையல்லவா?

"அப்படியானால் எல்லாக் கேடிகளையும் தியாகியாக்கிவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். அதுவும் நமக்குப் பழக்கம்தான். 1987-இல் 'நாயகன்' வந்தபோது மும்பைத் தமிழர்கள் எப்படிக் கைதட்டினோம் என்பது எனக்கு நினைவிருக்கிறது. வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவிய கதை என்று ஊரே பேசியது. மாட்டுங்காவில் அவர் நடத்திய கணேஷ் உற்சவத்தின் ஜோடனையைப் பார்க்கக் குடும்பத்தோடு போய் வரிசையில் நின்றவன் நான். அவர் கள்ளச் சாராயத்தால் வளர்ந்தவர் என்பதும் எனக்குத் தெரியும். ஊரார் வீட்டுச் சாராய வியாபாரியைத் திரையில் பார்த்து விசிலடித்தவனுக்கு, தன் வீட்டுச் சாராய வியாபாரிக்கு ஒரு சின்னக் கட்டம் போட மனம் வரவில்லை. ஒருவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறோம், இன்னொருவரைத் துடைத்து எறிகிறோம். இரண்டிலும் உண்மை இல்லை.

மனம் கேட்காமல் சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தையைப் பார்க்கப் போனேன். சின்னத் தாத்தாவின் மகள். தொண்ணூறை நெருங்குகிறார், நினைவு துல்லியம். "அத்தை, உங்கப்பாவைப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். ஜெயிலுக்குப் போனதையும் எழுதணும். உங்களுக்குச் சம்மதமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"எளுதுனா எளுதிக்க சாமி. காச்சுனாரு, புடிச்சாங்க. அது ஊருக்கே தெரியும். எங்கம்மா காதுல கெடந்த தோட்டக் கழட்டிக்கிட்டு இன்னொருத்தியோட போனாரே, அதையும் சேத்து எளுது. அதுக்கு எந்தப் போலீசும் வரலே."

நான் வாயடைத்துப் போனேன். இந்தக் கதை எனக்குத் தெரியாது. அதன்பின் அந்தச் சின்னப் பாட்டி தறிக்காரர் வீடுகளில் தார் சுற்றிக் கொடுத்து இரண்டு குழந்தைகளை வளர்த்திருக்கிறார். அவர் பெயரைக்கூட நான் அத்தையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு மாதச் சிறையை மறைக்க ஒரு குடும்பமே கட்டுப்பாடாகப் பொய் சொல்லியிருக்கிறது. ஒரு பெண்ணுக்குச் செய்த துரோகத்தை மறைக்க யாரும் பொய்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை. அது பேசப்பட வேண்டிய விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே என் தாழ்மையான கருத்து இதுதான். வம்சாவளி எழுதுங்கள், எழுதும்போது யாரையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் போலீஸ் ரிக்கார்டை மட்டும் வைத்து நல்லவர் கெட்டவர் என்று பிரிக்காதீர்கள். சட்டத்திடம் மாட்டியவர் வேறு, வீட்டாரை அழ வைத்தவர் வேறு. சில சமயம் இருவரும் ஒருவரே. பழைய அரசாங்கக் காகிதங்கள் வேண்டுமானால் சென்னை எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. இரண்டாவது வகையை அறிய வீட்டுப் பாட்டிகளிடம்தான் போக வேண்டும். அவர்கள் இருக்கும்போதே போங்கள்.

"பெண் கொடுக்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கவலைதான். நம்மைப் போல் வெளியூரில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து விசாரித்துச் சொல்ல ஆளில்லாததால், சொல்லும் பெருமையெல்லாம் செல்லுபடியாகிறது. ஆனால் எண்பது ஆண்டுக்கு முன் ஒருவர் சாராயம் காய்ச்சியதற்காக இன்று பின்வாங்கும் சம்பந்தி, நாளை நம் வீட்டில் ஒரு சிறு கஷ்டம் வந்தால் மட்டும் கூட நிற்பாரா?

பேத்தியின் குடும்ப மரத்தைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் எப்போதோ மார்க் போட்டுவிட்டார்கள், அது எங்களுக்காக. சின்னத் தாத்தாவுக்கு ஒரு கட்டம், சின்னப் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். "இவர் என்ன வேலை பார்த்தார் தாத்தா?" என்றாள். கள் இறக்கினார், பிறகு சாராயம் காய்ச்சினார், ஜெயிலுக்குப் போனார் என்றேன். கண்கள் விரிந்தன. "இந்தப் பாட்டி?" என்றாள்.

தார் சுற்றுவது என்றால் என்ன என்று விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.