பந்தயக் குதிரைக்கும் இரக்கம் காட்டுங்கள்!

கோயில் திருவிழா வந்தால் எங்கள் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம்தான். குதிரையையும் வண்டியையும் ஒரே மினி லாரியில் ஏற்றி, வெயிலில் கொண்டு வருகிறார்கள். வண்டியை இறுக்கிக் கட்டாததால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அது குதிரையின் காலில் இடிக்கிறது. "லாரியில சும்மாதானே நிக்குது" என்பார்கள் ஆண்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் நாலு காலையும் ஊன்றிச் சமாளிப்பது சும்மாவா? (பஸ்சில் நின்றே வரும் நமக்குத் தெரியாதா!) தண்ணீரில்லாமல் வந்தால் வயிற்று வலி வரும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஏற்றும் முன் கால்நடை டாக்டரின் சான்று வேண்டும் என்கிறது, 1978ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதி. விழாக் குழுவினர் அதைக் கேட்டு வாங்கட்டும். வண்டி தனி வாகனத்தில் வரட்டும். இறக்கியதுமே பூட்டாமல், தண்ணி காட்டி, ஒரு மணி நேரமாவது குதிரையை இளைப்பாற விடட்டும்.

— ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்.