பிள்ளைகளே முதல் ஆசிரியர்

1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் பாஷை அறியாதவராயிருந்தார். உள்ளூர் உபாத்தியாயர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து பயின்றார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாய் அச்சேறியதற்கு அம்மணற்பாடமே முதற்படி.

இக்காலத்தில் ஊழியத்திற்குப் புறப்படும் நாம் இதனைச் சிந்திப்போமாக. திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கற்சூளைகளில் ஒடியா பேசும் ஏழைப் பிள்ளைகள் உளர். அவர்களுக்குத் தின்பண்டமும் துணியும் கொண்டு செல்லுகிறோம். அவர்கள் பாஷையில் ஒரு சொல்லேனும் கேட்டுக் கற்றோமில்லை. தானம் வாங்குகிற பிள்ளை தலை குனிகிறது. கற்பிக்கிற பிள்ளையோ நிமிர்ந்து நிற்கிறது. நம் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் நகைப்பார்களாயின், நகைக்கட்டும். அந்நகைப்பிலேயே நட்புத் தொடங்கும் என்பது நம் துணிபு.