முதியோர் நலம்: வீடு பார்க்குமுன் பஸ் தரிப்பிடத்தைப் பாருங்கள்

கோயில் உள்ள ஊராகப் பார்த்துக் குடியிருப்பது நம் முன்னோர் வழக்கம். ரொறன்ரோப் பெருநகரில் இன்று கோயில்களுக்குக் குறைவில்லை. ஆனால் எழுபது வயதைக் கடந்த ஒருவர் பிறர் கையை எதிர்பாராமல் அக்கோயிலுக்குப் போய்வர முடிகிறதா என்பதே கேள்வி. கார் ஓட்டாத முதியவருக்குக் கோயிலும் வைத்தியரும் மரக்கறிக் கடையும் நூலகமும் பஸ் போனால்தான் உண்டு. ஆகவே பெற்றோருக்கு வீடு தேடும் குடும்பங்கள் முதலிற் பார்க்க வேண்டியது அறையின் அளவையல்ல. வாசலிலிருந்து பஸ் வரையுள்ள வழியையே.

பிள்ளைகள் மார்க்கம், ஏஜாக்ஸ் போன்ற இடங்களிற் பெரிய வீடு வாங்கிப் பெற்றோரையும் அழைத்துச் செல்கின்றனர். நல்ல எண்ணந்தான். ஆனால் காலையில் எல்லோரும் வேலைக்கும் பாடசாலைக்கும் போனபின் முதியவர்கள் நாலு சுவருக்குள் இருக்கின்றனர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக விரும்பும் தாயார் மகனின் வேலை நேரத்தையும் முகத்தையும் பார்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை கேட்பார். மூன்றாம் முறை, "முழங்கால் நோகுது தம்பி, இந்த வெள்ளி வேண்டாம்" என்று தாமே சொல்லிவிடுவார். பிள்ளைகளும் அதை உண்மையென்று நம்பிவிடுவர். முதுமையில் ஒருவர் வெளியே போவதை நிறுத்துவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

தனியே வாழ விரும்பும் முதியோருக்கு ரொறன்ரோவில் முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நகரசபையின் முதியோர் தொடர்மாடிகள். இவற்றை நடத்துவதற்கென 2022 யூன் 1ஆம் திகதி தொடங்கிய ரொறன்ரோ முதியோர் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் 83 கட்டடங்களைப் பொறுப்பேற்றது. வருமானத்துக்கேற்ற வாடகை பெறுவோர் பொதுவாக வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கு கட்டுவர். காத்திருப்போர் பட்டியல் பல ஆண்டுகள் நீளும். ஆதலால் கால் நன்றாக இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது, தனியார் நடத்தும் ஓய்வு இல்லங்கள். இவை 2010ஆம் ஆண்டின் ஒன்ராறியோச் சட்டப்படி அனுமதி பெற்றிருக்க வேண்டும்; செலவு முழுவதும் குடியிருப்பவருடையது. அனுமதி விபரத்தையும் சோதனை அறிக்கைகளையும் எவரும் பார்வையிடலாம். இரவும் பகலும் தாதியர் பராமரிப்புத் தேவைப்படுவோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் வேறு. அது இங்கு பேசும் விடயமன்று.

எந்த வழியானாலும், "பஸ்ஸுக்குப் பக்கம்" என்று சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. போக்குவரத்துத் திட்டமிடுவோர் தரிப்பிடத்துக்கு நடக்கக்கூடிய தூரமாகப் பொதுவாகக் கொள்வது 400 மீற்றர். இளைஞருக்கு அது ஐந்து நிமிட நடை. பொல்லூன்றி ஒரு செக்கனுக்கு முக்கால் மீற்றர் வீதம் நடப்பவருக்கு ஏறக்குறைய ஒன்பது நிமிடம். அதில் ஓர் ஏற்றம் இருந்தால், உட்கார ஒரு வாங்கு இல்லாவிட்டால், இன்னுங் கூடும். பனிக்காலத்தில் கணக்கே மாறிவிடும். 2025 பெப்ரவரியிற் சில நாட்களுக்குள் அரை மீற்றரளவு ஸ்நோ கொட்டியபோது, வழித்தொதுக்கிய ஸ்நோ நடைபாதை ஓரங்களிலும் தரிப்பிடங்களிலும் குவிந்து கிடந்ததைப் பலரும் மறந்திரார்.

இன்னொன்று பெரும்பாலோர் கவனிப்பதில்லை. போகும் பஸ் வீட்டு வாசலில் நிற்கலாம். திரும்பி வரும் பஸ் வீதிக்கு மறுகரையில்தான் நிற்கும். ஸ்காபரோவில் அந்த வீதி ஆறு நிரலுள்ள பெருவீதியாக இருக்கக்கூடும். சைகை விளக்குள்ள சந்தி எவ்வளவு தூரத்தில், பச்சை விளக்கு எரிந்து முடியுமுன் கடக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

ரி.ரி.சி. பஸ்கள் எல்லாம் இப்போது தாழ்தள வண்டிகளே. சாரதி வண்டியைத் தாழ்த்துவார். சக்கர நாற்காலிக்குச் சாய்தளத்தை விரிப்பார். ஆனால் எல்லாத் தரிப்பிடங்களிலும் அதற்கு வேண்டிய இடம் இல்லை. பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதும் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒன்றோ அதற்கு மேலோ வாரம் ஏழு நாளும் பஸ் ஓடும் பாதைகளை ரி.ரி.சி. தனியாகவே காட்டுகிறது. கடுங் குளிரில் அரை மணி நேரம் நிற்பதற்கும் பத்து நிமிடம் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை முதியோரின் எலும்பே அறியும்.

சுரங்கரயில் நிலையம் அருகில் இருப்பது மேலும் நன்று. ஆனால் எலிவேற்றர் உண்டா என்று கேட்க வேண்டும். ஸ்காபரோவில் 1985 முதல் ஓடிய மூன்றாம் தடத்தின் ஆறு நிலையங்களில் கென்னடி, ஸ்காபரோ சென்றர் இரண்டில் மட்டுமே எலிவேற்றர் இருந்தது. அருகிற் குடியிருந்தும் படியேற முடியாதவருக்கு மற்ற நான்கும் இல்லாததற்குச் சமம். 2023 யூலை 24இல் வண்டி தடம் புரண்டபின் அந்தத் தடமே மூடப்பட்டது. ஆகையால் ஒரே ரயிலை நம்பி வீடு எடுப்பதிலும், இரண்டு நல்ல பஸ் பாதைகள் சந்திக்கும் இடத்தில் எடுப்பது பாதுகாப்பு.

"வீல்-ட்ரான்ஸ் வாசலுக்கே வருமே" என்று சிலர் சொல்வர். அது பெரும் உதவிதான். கட்டணமும் சாதாரண பஸ் கட்டணமே. ஆனால் வயது ஒன்றே அதற்குத் தகுதியாகாது. இயலாமையைக் காட்டி விண்ணப்பித்து, பயணத்தை முன்கூட்டிப் பதிய வேண்டும். சிலருக்குப் பயணத்தின் ஒரு பகுதியைச் சாதாரண பஸ்ஸிலோ ரயிலிலோ செய்யும்படியும் ஒழுங்கு செய்வர். நினைத்தவுடன் புறப்பட்டுப் போகும் சுதந்திரத்தை அது தராது. எனினும் அந்த வண்டி கட்டட வாசலில் வந்து நிற்க இடமுண்டா என்பதையும் பார்த்துக் கொள்வது நல்லது.

ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு, காரை விட்டுவிட்டு, ஒரு நாள் முழுவதும் பரீட்சித்துப் பார்க்கலாம். அந்தக் கட்டட வாசலிலிருந்து கோயிலுக்கும், அங்கிருந்து வைத்தியரிடமும், பின் கடைக்கும் போய்ப் பாரத்துடன் திரும்ப வேண்டும். முடியுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பது நன்று. அன்று பஸ் குறைவு. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போவோர் ரி.ரி.சி.யிலிருந்து யோர்க் பிராந்திய பஸ்ஸுக்கு மாற நேரும்; 2024 பெப்ரவரி 26 முதல் அதற்கு இரட்டைக் கட்டணம் இல்லை. கட்டடத்தில் எத்தனை எலிவேற்றர், ஒன்று பழுதானால் மற்றது ஓடுமா, வெளிக்கதவு பொத்தானை அழுத்தத் திறக்குமா என்பனவும் அன்றே விசாரிக்க வேண்டியவை.

மகனின் வீட்டிலிருந்து சற்றுத் தூரமாயினும் பஸ் வசதியுள்ள இடத்தையே பெற்றோர் விரும்பக்கூடும். அதைப் பிள்ளைகள் மனக்குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. தாமே பஸ் ஏறிக் கோயிலுக்கு வந்து, அருச்சனை செய்வித்து, பேரப் பிள்ளைகளுக்கு விபூதிப் பிரசாதமும் கொண்டு செல்லும் முதியவர் யாருக்கும் பாரமாக இருப்பதாக நினைக்க மாட்டார். அந்த மனநிறைவு எந்தப் பெரிய வீட்டிலும் கிடைப்பதன்று.