காரணம் சொல்லாத எஸ்டிமேட்டுக்குக் கையெழுத்துப் போடாதீங்க தோழர்களே!



ஏரியூர் கிளைக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சொந்தமாக பிக்கப் வைத்து ஓட்டும் தோழர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கம்பெனி டீலர் ஒர்க்‌ஷாப்பில் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட். டர்போ மாத்தணும், நாலு இன்ஜெக்டரும் மாத்தணும், கூடவே கிளட்ச் செட். மொத்தம் 1,18,000 ரூபாய்.

வண்டிக்கு என்ன கோளாறு? மேடு ஏறும்போது இழுவை இல்லை, கரும்புகை தள்ளுது. அவ்வளவுதான்.

"நாலு இன்ஜெக்டரும் எதுக்கு சார்?" என்று கேட்டிருக்கிறார். "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது" என்று பதில். என்ன காட்டுதுன்னு கேட்டதற்குப் பதில் இல்லை. "மாத்தலைன்னா அப்புறம் நாங்க பொறுப்பில்லை, கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்களாம். மாசம் பொறந்தா ஃபைனான்ஸ்காரன் போன் அடிப்பான். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைக்கு அடுப்பு எரிவதே கஷ்டம். அந்த நிலையில் இருப்பவரிடம் இப்படிச் சொன்னால் என்ன செய்வார்?

நல்லவேளை, கையெழுத்துப் போடாமல் வண்டியை பென்னாகரத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறார். அவர் இன்டர்கூலருக்குப் போகிற ரப்பர் ஹோஸை அடிப்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு. கிளாம்ப்பைக் கழற்றினால் விரல் நீளத்துக்குக் கிழிசல். டர்போ அமுக்கி அனுப்புகிற காற்று இன்ஜினுக்குப் போகிற வழியிலேயே வெளியே போய்விடுகிறது. டீசல் விழுகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. அதனால்தான் கரும்புகை, அதனால்தான் இழுவை இல்லை. கிளட்ச்சையும் பார்த்துவிட்டார். ஹேண்ட் பிரேக் போட்டு, மூணாவது கியரில் கிளட்ச்சை மெதுவாக விட்டதும் இன்ஜின் அணைந்துவிட்டது. நழுவுகிற கிளட்ச்சாக இருந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். மறுநாள் அதே வண்டி மரவள்ளி லோடு ஏற்றிக்கொண்டு சேலம் போனது.

டீலர் எல்லாரும் திருடர் என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. அங்கே கை கறுக்க வேலை செய்கிற பையன்களும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு குறைந்த சம்பளத்துக்குப் போனவர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். பிரேக், ஸ்டியரிங், டயர் என்று எழுதிக் கொடுத்தால் தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத வண்டி என்ன செய்யும் என்று தருமபுரிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு பார்ட்டை மாற்று என்றால், எந்தச் சோதனை செய்தீர்கள், என்ன ரீடிங் வந்தது, எந்த ஃபால்ட் கோடு என்று எழுதிக் கொடு. இன்ஜெக்டர் என்றால் எத்தனையாவது இன்ஜெக்டரில் ரிட்டர்ன் டீசல் அதிகம் என்று அளந்து காட்டலாம். டர்போ என்றால் ஷாஃப்ட் ஆடுகிறதா என்று கையால் ஆட்டியே காட்டலாம். இதெல்லாம் ராக்கெட் வித்தை இல்லை. காசு கொடுத்து மாற்றிய பார்ட் என்றால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து.

இது நம் ஊர்த் தோழர் ஒருவரின் பிரச்சினை மட்டும் இல்லை. 2011-ல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார். கார் கம்பெனிகள் உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல், வண்டிக்காரர்களைத் தங்கள் டீலரிடமே கட்டிப்போடுகின்றன என்பது புகார். மூன்று கம்பெனியில் தொடங்கிய விசாரணை விரிந்துகொண்டே போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது ஆணையம். நாம் ஓட்டுகிற பிக்கப்பையும் குட்டியானையையும் செய்கிற பெரிய கம்பெனிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. வெளியே ரிப்பேர் பார்த்தால் வாரண்டியே போய்விடும் என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று கம்பெனிகள் விஷயத்தில் அபராதத்தைக் குறைத்தாலும், செய்தது தப்பு என்பதை உறுதி செய்தது.

அதன் பிறகு நிலைமை மாறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு வண்டி முழுக்க சென்சார். கம்பெனி சாஃப்ட்வேர் இல்லாமல் பல கோளாறுகளைப் படிக்கவே முடியாது. பென்னாகரம் மெக்கானிக்கின் விரலுக்குத் தெரிந்த ஹோஸ் கிழிசல் இன்றைக்குத் தப்பித்துவிட்டது. நாளைக்கு டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால், அதை அணைப்பதற்கே ஏரியூரிலிருந்து தருமபுரிக்கோ சேலத்துக்கோ ஓட வேண்டும். போக வர டீசல், ஒரு நாள் வாடகை, எல்லாம் நம் தலையில். வண்டி நம் பேரில், கடன் நம் பேரில். அந்த வண்டிக்கு என்ன நோய் என்கிற தகவல் மட்டும் கம்பெனி பேரில்!

ஒன்றிய அரசு 2022-ல் 'பழுது நீக்கும் உரிமை' என்று குழு போட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில் இணையதளமும் தொடங்கியது. சட்டம்? இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு இந்த உரிமையை வாங்கினார்கள். வண்டியின் தகவல் காற்றிலேயே கம்பெனிக்குப் போகிற காலம் வந்ததும், 2020-ல் மறுபடி ஓட்டுப் போட்டு அதையும் சேர்த்துக் கேட்டார்கள். ஸ்கேனரும் பழுது பார்க்கும் தகவலும் நியாயமான விலையில் ஊர் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும், அதைக் கட்டாயமாக்குகிற சட்டம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. விருப்பமிருந்தால் போடலாம் என்று இணையதளத்தில் இடம் ஒதுக்கினால் எந்தக் கம்பெனி மனமுவந்து போடும்?

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதும் இல்லை. "இது கமர்ஷியல் வண்டி, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று கவுண்டரில் மிரட்டுவார்கள். பாதி உண்மை. பத்து வண்டி விட்டுச் சம்பாதிக்கும் முதலாளிக்கு அது பொருந்தலாம். பிழைப்புக்காக வாங்கி, தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. 1995-ல் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதை விளக்கிவிட்டது. சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவரையும் லாரி ஓட்டுகிறவரையும் உதாரணமாகக் காட்டியே சொன்னது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் உரிமை போகாது.

நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வேலை பார்த்த ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம். பில் தராமல் வேலை செய்வது முறையற்ற வணிகம் என்பதும் இதே சட்டத்தில் இருக்கிறது. ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில் மூன்றும் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஊர் மெக்கானிக்கிடமும் பில் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாகமரையில் மீன் ஏற்றுகிற தோழர்கள், நெருப்பூர் பக்கம் கிழங்கு ஏற்றுகிறவர்கள், பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் ஓடுகிறவர்கள், உங்களிடமும் இப்படி எஸ்டிமேட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்தத் தோழர் தன் தாளை இப்போதும் பத்திரமாக வைத்திருக்கிறார், அவர் புகார் மனுவை அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதப் போகிறோம். மனு எழுதத் தெரிந்த தோழர்கள் இரண்டு பேர் மாலை 6 மணிக்கே வந்துவிடுவார்கள்.

#பழுதுநீக்கும்_உரிமை #ஏரியூர்