மனிதர் செல்லாத் தீவுகள்

ஐரோப்பாவிற்கு வடக்கே, வடதுருவத்தை நோக்கிய கடற்பரப்பில் ஸ்வால்பார்ட் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அது நார்வே நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 79 பாகை வட அட்சரேகையில், 'கொங் கார்ல்ஸ் லாண்ட்' என்னும் சிறு தீவுத் தொகுதி அமைந்துள்ளது. 'கார்ல் மன்னர் நிலம்' என்பது அப்பெயரின் பொருள். கொங்ஸோயா, ஸ்வென்ஸ்கோயா, ஆபெலோயா என்பன அதன் பெரிய தீவுகள். மொத்தப் பரப்பு சுமார் 340 சதுர கிலோமீட்டர்; மிக உயர்ந்த மலையின் உயரம் 320 மீட்டர். அங்கே மரம் இல்லை, துறைமுகம் இல்லை, ஓர் ஊரும் இல்லை.

"யாருமே வாழாத நிலத்தால் என்ன பயன்?" என்று சிலர் வினவுவர். மனிதர் வாழாத நிலத்தை வெறும் நிலம் என்று கருதுவதால் எழும் வினா இது. கொங்ஸோயா, உலகிலேயே பனிக்கரடிகள் மிகுதியாகக் குட்டி ஈனும் இடங்களுள் ஒன்றாகும். சூலுற்ற கரடிகள் இலையுதிர் காலத்தில் கடற்பனியின் மீது நடந்து இத்தீவுகளை அடைகின்றன; மலைச்சரிவில் படிந்த பனியைக் குடைந்து வளை அமைக்கின்றன. நடுக்குளிர்காலத்தில், பெரும்பாலும் இரண்டு குட்டிகள் பிறக்கின்றன. பிறக்கும்போது ஒரு குட்டியின் எடை ஒரு கிலோகிராம்கூட இராது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் குட்டிகளுடன் வெளிவரும் வரை தாய் எதுவும் உண்பதில்லை. தன் உடற்கொழுப்பைக் கொண்டே அது உயிர் வாழ்ந்து பாலும் ஊட்டுகிறது. அச்சமயத்தில் இடையூறு நேர்ந்தால் தாய் வளையை விட்டு நீங்கக்கூடும், குட்டிகள் மடிந்துவிடும்.

ஒரு காலத்தில் தோலுக்காகக் கரடிகளை வேட்டையாடுவோர் இங்கு வந்தனர். 1939ஆம் ஆண்டில் இத்தீவுகளில் கரடிகளுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டில் இத்தீவுகள் இயற்கைக் காப்பகத்தின் பகுதியாயின. இன்று ஆண்டு முழுவதும் இங்குக் கால் வைக்கத் தடை உள்ளது. கரையிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள கடலுக்கும் அத்தடை பொருந்தும்.

இத்தகைய தடை அறிவு வளர்ச்சிக்குத் தடையாகாதா என்று கேட்கலாம். அறிவியல் ஆய்வுக்கு ஸ்வால்பார்டிலேயே வேறு இடங்கள் உள்ளன. அதன் மேற்குக் கரையில் உள்ள நி-ஓலெசுந்து என்னும் ஊரில் இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கி வருகிறது. கரடியின் கழுத்தில் பூட்டிய கருவியும் செயற்கைக்கோளும் அதன் நடமாட்டத்தைத் தொலைவிலிருந்தே அறிய உதவுகின்றன. சுற்றுலாப் பயணியின் ஆவலுக்காக மட்டும் ஒரு தாயின் வளையருகே செல்வது எவ்வகையிலும் நியாயமாகாது.

மன்னர், நாடு, கணித அறிஞர் ஆகியோரின் நினைவாக இத்தீவுகளுக்கு மனிதர் பெயரிட்டனர். பெயரிட்டதனால் மட்டும் ஓரிடம் மனிதருக்கே உரியதாகிவிடாது. தமிழ் இலக்கண மரபும் நிலத்தை மக்களைக் கொண்டு மட்டும் விளக்குவதில்லை. விலங்கு, மரம், பறவை ஆகியவற்றையும் அந்நிலத்தின் கருப்பொருள்களாகவே கொள்கிறது.

ஆயினும், கால் வைக்காதிருப்பதோடு கடமை முடிந்துவிடவில்லை. உலகச் சராசரியைவிட வடதுருவப் பகுதி விரைவாக வெப்பமடைந்து வருகிறது. கடற்பனி உரிய காலத்தில் தீவுகளை எட்டாத ஆண்டுகளில், அங்கு வந்து சேரும் தாய்க்கரடிகளும் குறைகின்றன. சட்டம் மனிதரின் காலடியைத் தடுக்கிறது; தொலைதூர நகரங்களின் ஆலைகளும் ஊர்திகளும் வெளியிடும் புகையோ 500 மீட்டர் எல்லையில் நிற்பதில்லை. எனவே, நிலக்கரியையும் எண்ணெயையும் குறைவாக எரிப்பதும் அத்தீவுகளைக் காக்கும் செயலே ஆகும். ஒருநாளும் சென்று காணப்போகாத இடத்திற்கும் மனிதர் பொறுப்புடையவர் என்பதையே இச்சிறு தீவுகள் உணர்த்துகின்றன.