நச்சு மேட்டுக்கு இன்னும் எத்தனை ஆய்வுகள்?

சித்தூர், கங்காதர நெல்லூர் வட்டாரங்களின் வழியே வரும் நீவா நதி, எல்லை கடந்து தமிழகத்தில் பொன்னையாறு என்ற பெயரோடு நடந்து, திருவலத்தைத் தாண்டிப் பாலாற்றில் சேர்கிறது. திருவலத்துக் கோயிலின் தலபுராணத்தில் இன்றும் அது நீவாதான். இந்தப் பாலாற்றுப் படுகையின் நீருக்காக இரு மாநில அரசுகளும் 1892ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டி வாதிடுகின்றன. கணேசபுரம் அணைத் திட்டத்தை எதிர்த்துத் தமிழகம் 2006இல் உச்சநீதிமன்றம் சென்றது. எவ்வளவு தண்ணீர் என்பதுதான் வழக்கு. எப்படிப்பட்ட தண்ணீர் என்று எந்த அரசும் அடுத்த அரசின் மீது வழக்குத் தொடுத்ததில்லை.

அந்தக் கேள்விக்கான விடை இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் மேடாகக் குவிந்து கிடந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, தோல் பதனிடும் தொழிலுக்குத் தேவையான குரோமிய உப்புகளை இருபது ஆண்டுகள் உற்பத்தி செய்துவிட்டு 1995இல் கதவடைத்தது. விட்டுச் சென்ற கழிவு சுமார் இரண்டு லட்சம் டன். 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம், உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையைச் சேர்த்தது. ஆலை மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் மேடு அங்கேயே இருந்தது.

ஆய்வு நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இப்பகுதி நிலத்தடி நீரைப் பரிசோதித்து, நஞ்சு எத்திசையில் நகரும் என்று கணித்திருக்கிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்திருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்திருக்கிறது. ஆய்வின் மேல் ஆய்வு வருவதே மேட்டை அகற்றாமலிருக்க நல்லதொரு சாக்காகிவிட்டது என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

இதைச் சொல்வதால் ஆய்வு தேவையில்லை என்று பொருளல்ல. எந்த ஆய்வு என்பதே கேள்வி. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், மூன்று இணைதிறன் கொண்டதைப் போல மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. நீரில் கரைந்து நீரோடு நடக்கிறது. சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். சுண்ணாம்புத் தன்மை மிகுந்த இந்தக் கழிவு ஒரே மழையில் கழுவப்பட்டுத் தீர்ந்துபோவதுமில்லை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் நீரைக் கசியவிடும். பாலாற்றுப் படுகையின் அடியில் இருப்பதோ கடும்பாறை. அதன் வெடிப்புகளின் வழியே நீர் ஓடுவதால், ஒரு கிணற்றில் நஞ்சும் அடுத்த வயலின் கிணற்றில் நல்ல நீரும் இருக்கக் கூடும். ஆகவே மழைக்குப் பின் நான்கு குடுவைகளில் நீரெடுத்து, குடிநீருக்கான வரம்பாகிய லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுடன் ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது கண்துடைப்பு. கோடையிலும் மழையிலும், பல ஆழங்களில், மேட்டுக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும், ஆண்டுக்கணக்கில் அளக்க வேண்டும். எந்தக் கிணறு எந்த ஆண்டில் மஞ்சளானது என்பதை எந்தக் கருவிக்கும் முன்பே அறிந்தவர்கள் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும். ஆய்வுக் குழுக்களில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

இதே நஞ்சு அமெரிக்காவிலும் கொட்டப்பட்டது. நியூ ஜெர்சியில் ஹாக்கென்சாக் ஆற்றங்கரையில் 34 ஏக்கர் நிலத்தில் சுமார் 15 லட்சம் டன் குரோமியக் கழிவு கிடந்தது. அங்கும் நிறுவனமும் அரசு நிர்வாகமும் பல ஆண்டுகள் ஆய்வு, பேச்சு என்று காலம் கடத்தின. உள்ளூர் மக்களின் அமைப்பொன்று வழக்குத் தொடுத்த பிறகு, 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஹனிவெல் நிறுவனத்தைக் கழிவைத் தோண்டி அகற்றுமாறு ஆணையிட்டது. ஆலையை இயக்கியது வேறொரு கம்பெனி. அதன் வாரிசாக வந்த ஹனிவெல்லால் பொறுப்பிலிருந்து நழுவ முடியவில்லை. முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே மக்கள் போராடினால் இது முடிகிறது.

நம் நாட்டில் சட்டக் கொள்கைக்குப் பஞ்சமில்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அறிவித்ததே இந்த வேலூர் மண்ணின் தோல் ஆலைகள் வழக்கில்தான். பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டை ஒழுங்காகக் கொடுங்கள் என்று அதே உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இடையில் ஒரு தலைமுறை விவசாயம் போயிற்று.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களுக்கான விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும். முதற்கட்ட ஆய்வை 90 நாட்களில் முடிக்க வேண்டும். அதன்பின் விரிவான ஆய்வு. ஆய்வுக்கு நாள் குறித்த அரசு, தூய்மைப்படுத்தி முடிப்பதற்கு நாள் குறிக்கவில்லை. நாடெங்கும் அடையாளம் காணப்பட்ட 103 இடங்களில் ஏழில்தான் சீரமைப்பு தொடங்கியிருந்தது என்பது அப்போதைய கணக்கு. மாசுபடுத்தியவர் கிடைக்காவிட்டால் அல்லது அவரால் இயலாவிட்டால் செலவை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்குமாம். அதாவது லாபம் தனியாருக்கு, நஞ்சும் செலவும் வரி கட்டும் உழைக்கும் மக்களுக்கு.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. இதுவரை நடந்த எல்லா ஆய்வுகளின் அளவீடுகளும் தமிழிலும் தெலுங்கிலும் ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டப்பட வேண்டும். மூடப்பட்ட ஆலையின் சொத்துக்கள் கைமாறும் முன்பே சீரமைப்புச் செலவுக்கு முடக்கப்பட வேண்டும். ஆலையில் வேலை செய்தவர்களைத் தேடிப் பதிவு செய்து, மருத்துவப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசே தர வேண்டும். இவற்றோடு, ஆந்திர எல்லையிலிருந்து வாலாஜா வரை ஒரே படுகையாகக் கொண்டு நீரின் தரத்தை அளக்கும் கூட்டு ஏற்பாட்டை இரு மாநிலங்களும் உருவாக்க வேண்டும். சித்தூரின் சாக்கடை நீவாவில் கலந்தாலும், இராணிப்பேட்டையின் குரோமியம் பாலாற்றை நோக்கிக் கசிந்தாலும், அதைக் குடிப்பவர்கள் இரு மொழி பேசும் ஒரே வர்க்கத்தினர். அணைக்காக ஒருவர் மீது ஒருவரை ஏவிவிடும் கட்சிகள், இந்தக் கூட்டு அளவீட்டைப் பற்றி வரும் தேர்தலுக்கு முன் வாய்திறக்கட்டும்.