நிருபர் எழுதிய சரித்திரம்

பத்திரிகை நிருபரின் எழுத்துக்கு ஆயுள் ஒரு நாள்தான். காலையில் காப்பியுடன் படித்த செய்தித்தாள் மாலையில் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போய்விடுகிறது. அப்படியிருக்க, தந்தியும் ரேடியோவுமாக இருபது வருஷத்துக்கு மேல் உழன்ற ஒரு நிருபரின் புத்தகங்கள் தலைமுறைகள் கடந்தும் வாசிக்கப்படுகின்றன என்றால், அதற்குக் காரணம் இருக்கத்தான் வேண்டும். அமெரிக்கரான வில்லியம் ஷைரரின் வாழ்க்கையில் அந்தக் காரணத்தைத் தேடுவோம்.

ஷைரர் 1904-ல் சிகாகோ நகரில் பிறந்தார். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்து, அயோவா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தார். கல்லூரிப் படிப்பு முடிந்ததும், 1925-ல், மாடுகளை ஏற்றிச் சென்ற கப்பலில் வேலை செய்துகொண்டே ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையின் பாரிஸ் பதிப்பில் உத்தியோகம் கிடைத்தது.

அந்தப் பத்திரிகைதான் 1930-ல் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் வந்தபோது உப்பு சத்தியாக்கிரகத்தின் அலை ஓயவில்லை. காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தார். 1931 ஜனவரியில் அடிகள் விடுதலையானார். இர்வின் பிரபுவுடன் பேச்சு நடந்த நாட்களில் ஷைரர் டில்லியில் அவரைச் சந்தித்தார். அவ்வாண்டு வட்ட மேஜை மகாநாட்டுக்காக அடிகள் லண்டன் சென்றபோதும் அச்செய்திகளை எழுதினார். நமது போராட்டத்தை ஆங்கில அதிகாரிகளின் கண் கொண்டு பாராமல், நேரில் கண்டு அமெரிக்க வாசகருக்குச் சொன்ன சிலரில் அவரும் ஒருவர். இதை நாம் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிறகு கஷ்ட காலம் வந்தது. 1932-ல் பனிச்சறுக்கு விளையாட்டில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. அதே வருஷம் உத்தியோகமும் போயிற்று. 1934-ல் வேறொரு செய்தி நிறுவனத்தின் சார்பில் பெர்லின் சென்றார். 1937-ல் எட்வர்ட் மரோ என்பவர் அவரைக் கொலம்பியா ரேடியோ ஸ்தாபனத்தில் சேர்த்துக்கொண்டார். மறு வருஷம் ஹிட்லரின் சேனை வியன்னாவுக்குள் புகுந்தபோது, அங்கிருந்து பேச ஷைரருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. விமானம் ஏறி லண்டன் சென்று, கண்டதை உலகுக்குச் சொன்னார்.

யுத்தம் மூண்ட பின் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. அவர் பேச வேண்டிய ஒவ்வொரு வார்த்தையையும் ராணுவம், பிரசார இலாகா, வெளிநாட்டு இலாகா ஆகிய மூன்றின் தணிக்கையாளர்களும் பார்த்தார்கள். எழுத்தில் அடித்ததைக் குரலின் ஏற்ற இறக்கத்தால் உணர்த்த முயன்றார். சில நாளில் அந்த வழியும் அடைபட்டது. 1940 ஜூன் 22-ந் தேதி கொம்பியேன் காட்டில், 1918-ல் ஜெர்மனி பணிந்து கையெழுத்திட்ட அதே ரயில் வண்டியில் பிரான்ஸ் பணிந்தது. ஜெர்மானிய ஸர்க்கார் அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்பே அச்செய்தி ஷைரரின் குரலில் அமெரிக்காவை எட்டியது. நிருபருக்கு அதைவிடப் பெரிய வெற்றி ஏது? ஆனால் அதே வருஷம் டிசம்பரில் அவர் பெர்லினை விட்டே புறப்பட்டுவிட்டார். பொய்யை ஒலிபரப்பும் குழாயாக இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. ரகசியப் போலீஸார் தம்மீது ஒற்றன் என்று வழக்கு ஜோடிப்பதாகவும் அறிந்தார்.

வெளியே சொல்ல முடியாததையெல்லாம் அவர் நாட்குறிப்பில் எழுதி வந்திருந்தார். அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் செய்த யுக்தி வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். பெட்டிகளின் அடியில் நாட்குறிப்பை வைத்தார். அதன்மேல் தணிக்கை முத்திரை பதிந்த ரேடியோ உரைகளை அடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலே, நிச்சயம் பறிமுதலாகும் என்று தெரிந்தே சில ராணுவ வரைபடங்களை வைத்தார். பிறகு தாமே ரகசியப் போலீஸ் தலைமையகத்துக்குப் பெட்டிகளைக் கொண்டுபோனார். அதிகாரிகள் வரைபடங்களை எடுத்துக்கொண்டு, முத்திரைகளைக் கண்டு திருப்தியடைந்து, பெட்டிகளுக்குத் தங்கள் சீலையே வைத்துக் கொடுத்தார்கள். அந்த நாட்குறிப்புதான் 1941-ல் 'பெர்லின் டயரி' என்று வெளிவந்து பெரும் புகழ் பெற்றது.

ஆராய்ச்சியாளர்கள் பிற்காலத்தில் கையெழுத்துப் பிரதியை அச்சுடன் ஒப்பிட்டு, ஆரம்ப வருஷத்துக் குறிப்புகள் சிலவற்றை அவர் பின்னால் திருத்தியிருக்கிறார் என்று காட்டியிருக்கிறார்கள். இதையும் சொல்வதே நியாயம். ஹிட்லரை முதல் பார்வையிலேயே முழுதும் அளந்துவிட்டவர் எவருமில்லை. ஷைரரும் போகப் போகத்தான் கண்டுகொண்டார் என்று நாம் கொள்ளலாம்.

சர்வாதிகாரியின் நாட்டில் வாய் கட்டப்பட்டவருக்குச் சுதந்திர நாடான தாய்நாட்டிலும் அது நேர்ந்தது. 1947-ல் விளம்பரதாரர் விலகியதை ஒட்டிக் கொலம்பியாவிலிருந்து வெளியேறினார். மரோவின் நட்பும் முறிந்தது. 1950-ல் வெளியான ஒரு பிரசுரம் அவரையும் கம்யூனிஸ்ட் சார்பினர் பட்டியலில் சேர்த்தது. ரேடியோக் கதவுகள் மூடிக்கொண்டன. கல்லூரிகளில் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அந்த வறுமை வருஷங்களில்தான் 'மூன்றாம் ரைஹின் எழுச்சியும் வீழ்ச்சியும்' உருவாயிற்று. தோற்ற ஜெர்மனியிடம் கைப்பற்றிய தஸ்தாவேஜுகள் மலை மலையாகக் கிடந்தன. அவற்றைப் படித்து, தாம் கண்டதுடன் சேர்த்து, 1,200 பக்கங்களுக்கு மேல் எழுதினார். 1960-ல் பிரசுரகர்த்தர்கள் முதலில் அச்சிட்டது 12,500 பிரதிகளே. விற்றதோ லட்சக் கணக்கில். மறு வருஷம் அமெரிக்கத் தேசியப் புத்தகப் பரிசும் கிடைத்தது. லூதர் காலம் முதலே ஜெர்மானியர் ஹிட்லரை நோக்கி நடந்ததுபோல் அவர் எழுதியதைச் சரித்திர ஆசிரியர்கள் பலர் கண்டித்தனர். ஒரு தேசம் முழுவதற்கும் ஒரே தலையெழுத்து எழுதும் அந்தக் கொள்கையை நாமும் ஏற்பதற்கில்லை. ஆயினும் அருகிருந்து கண்டவரின் வேகம் அந்நூலில் இருக்கிறது.

காந்தியடிகளைப் பற்றிய அவருடைய நினைவு நூல் 1979-ல்தான் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு நெஞ்சில் கிடந்த விஷயம் அது. ஹிட்லரையும் காந்தியையும் நேரில் கண்டு இருவரைப் பற்றியும் எழுதிய அந்த மனிதர் 1993-ல் காலமானார்.

நாம் ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: அன்று சொல்ல முடியாததை அவர் மறந்துவிடவில்லை; எழுதி வைத்தார், காலம் வந்தபோது சொன்னார். நம் வீடுகளில் பிள்ளைகள் செய்தியை மட்டும் படித்து வளராமல், அச்செய்தியில் விடுபட்டது எது என்று கேட்கவும் பழக வேண்டும். ஷைரரின் நூல்களில் ஒன்றையேனும் நூல்நிலையத்திலிருந்து வாங்கிப் படிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெரிய புத்தகத்தைக் கண்டு மலைப்பவர்கள் நாட்குறிப்பிலிருந்து தொடங்கலாம்.